திறப்பை ஊராருக்குக் கொடுத்துவிட்டுப் பூட்டை விற்பதா?

இணையத்தோடு இணையும் பண்டங்களைச் செய்து விற்கும் கொம்பனிகள் மீது நாம் ஒரு குற்றச்சாட்டைப் பகிரங்கமாகச் சுமத்துகின்றோம். பூட்டு என்று சொல்லி அவர்களுட் பலர் விற்பது பூட்டன்று; பூட்டின் உருவம் மட்டுமே. அதன் திறப்பை ஊராருக்கெல்லாம் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு உரியவனிடம் வெறும் இரும்பைக் கொடுத்துக் காசு வாங்குகின்றனர். களவு போனதும், "வீட்டுக்காரன் விழிப்பாக இருக்கவில்லை" என்று கையை விரிக்கின்றனர். சட்டமோ கள்வனைத் தேடி ஓடுகின்றது. கள்வனுக்கு வழி சமைத்தவனை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்!

இக்குற்றச்சாட்டு மிகைப்பட்டது என்று எண்ணுவோர் இருக்கக்கூடும். ஆகவே சான்றுகளை ஒவ்வொன்றாக முன்வைக்கின்றோம். வாசகர்களே நீதிபதிகளாக இருந்து தீர்ப்பளிக்கட்டும்.

2016இல் நடந்தது என்ன?

2016 ஒக்டோபர் 21ஆம் நாள் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கிழக்குக் கரையோர மக்களுக்கு ட்விட்டர், நெட்பிளிக்ஸ், ஸ்பொட்டிஃபை முதலிய தளங்கள் பல மணி நேரம் எட்டாக்கனிகளாயின. தளங்களின் பெயர்களை இணைய முகவரிகளாக மாற்றிக் கொடுக்கும் 'டின்' என்ற நிறுவனத்தின் மீது தொடுக்கப்பட்ட பெருந்தாக்குதலே அதற்குக் காரணம். தாக்க வந்த படை எது? அந்நிய நாட்டுச் சேனையா? அன்று. மக்கள் தம் வாசலிலே காவலுக்கென மாட்டிய கமராக்கள். அவற்றின் படங்களைச் சேமிக்கும் பெட்டிகள். வீட்டுக்குள் இணையத்தைப் பகிர்ந்தளிக்கும் ரௌட்டர்கள். இவற்றையெல்லாம் 'மிராய்' என்னும் நச்சு நிரல் அடிமைகொண்டு படையாகத் திரட்டியிருந்தது. அந்நிரல் உச்சத்தில் இருந்தபோது ஏறத்தாழ 6 இலட்சம் கருவிகள் அதன் பிடியில் இருந்தன என ஆய்வாளர் பின்னர் கணக்கிட்டனர். காவலுக்கு வைத்த நாய்கள் ஊரைக் கடிக்கப் புறப்பட்டன!

மிராய் பூட்டுகளை உடைத்தா உள்ளே புகுந்தது? எவராலும் விடுவிக்கவியலாத மறைகுறிகளைக் கணித மேதைகள் கூடி விடுவித்தனரா? அவ்வாறு ஒன்றுமே நடைபெறவில்லை. அதன் கையில் இருந்தது ஒரு சிறு பட்டியல். 60க்குச் சற்று மேற்பட்ட பயனர் பெயர்களும் கடவுச்சொற்களும் அதில் இருந்தன. 'அட்மின்', 'பாஸ்வேர்ட்', '12345' என்பன போன்றவை அவை. தொழிற்சாலையிலேயே எல்லாக் கருவிகளுக்கும் ஒன்றாகப் பொறிக்கப்பட்ட சொற்கள்! அப்பட்டியலை வைத்துக்கொண்டு அது கதவு கதவாகத் தட்டிற்று, கதவுகள் திறந்தன.

"கடவுச்சொல்லை மாற்றியிருக்கலாமே" என்பர். அதையும் ஆராய்வோம். சீனத்தின் ஹாங்சோ நகரத்துச் சியோங்மாய் கொம்பனியின் பாகங்களைக் கொண்ட பல கருவிகளில், உரிமையாளர் தம் திரையில் கண்ட கடவுச்சொல்லை மாற்றினாலும், அவர் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு வாயில் பின்புறத்திலே திறந்திருந்தது. அதன் கடவுச்சொல் தொழிற்சாலையில் இறுக்கிப் பொறிக்கப்பட்டது. அவ்வாயில் இருப்பதையே அறியாதவர் அதை எவ்வாறு பூட்டுவார்? தாக்குதலின் பின்னர் அக்கொம்பனி அமெரிக்காவில் விற்பனையான தன் பண்டங்களில் ஒரு பகுதியை மீளப் பெறுவதாக அறிவித்தது. கண்கெட்ட பின் சூரிய நமஸ்காரம்!

மிராய் நிரலை ஆக்கிய இளைஞர் மூவர் 2017 டிசம்பரில் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். 2018 செப்டெம்பரில் அலாஸ்காவிலுள்ள கூட்டாட்சி நீதிமன்றம் அவர்களுக்கு ஐந்தாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பையும் 2,500 மணி நேரச் சமூகப் பணியையும் விதித்தது. டின் நிறுவனத்தைத் தாக்கியவர்கள், இம்மூவரும் வெளியே பரவவிட்ட அந்நிரலை எடுத்தாண்ட வேறு சிலர். குற்றம் புரிந்தோரைத் தண்டித்தது முறையே. அதில் நமக்கு வழக்கில்லை. ஆனால் அறுபது திறப்புகளையும் வார்த்து உலகெங்கும் அனுப்பிய உற்பத்தியாளர் எவரும் அக்கூண்டில் நிற்கவில்லை என்பதே நம் வழக்கு.

நத்தையும் போத்தலும்

சட்டம் பயின்றோர் அனைவரும் அறிந்த ஒரு வழக்கை இங்கே நினைவுபடுத்துகின்றோம். 1928 ஆகஸ்ட் 26ஆம் நாள் ஸ்கொட்லாந்தின் பெய்ஸ்லி நகரத்துத் தேநீர்க் கடை ஒன்றில் டொனகியூ என்ற பெண்மணிக்கு அவருடைய தோழி இஞ்சிப் பானம் வாங்கிக் கொடுத்தார். பானத்தில் பாதியைப் பருகிய பின்னர், போத்தலில் இருந்து அழுகிய நத்தை விழுந்தது என்பது அவருடைய முறைப்பாடு. பானத்துக்குக் காசு கொடுத்தவர் அவரல்லர்; ஆகவே ஒப்பந்தம் பேச இடமில்லை. இருந்தும் 1932இல் பிரபுக்கள் சபை உற்பத்தியாளருக்குக் கவனக் கடமை உண்டு என்று தீர்ப்பளித்தது.

அத்தீர்ப்பின் உயிர்நாடி எது? போத்தல் ஒளி ஊடுருவாதது. உள்ளே இருப்பதைக் கடைக்காரரோ குடிப்பவரோ பார்க்க வழியில்லை. இடையில் எவரும் சோதிக்கவியலாதபடி அடைத்து அனுப்புகின்றவன், இறுதியில் அதை நுகர்பவனுக்குப் பொறுப்பாளி ஆகின்றான். நாம் கேட்கின்றோம்: இன்று நம் வீட்டுச் சுவரில் தொங்கும் கமராவைவிட ஒளி ஊடுருவாத போத்தல் வேறு உண்டா? அதனுள் ஓடும் நிரலைக் கடைக்காரர் கண்டாரா? வாங்கியவர் கண்டாரா? மூடி முத்திரையிட்டு அனுப்பியவன் ஒருவனுக்கே அது தெரியும்.

அவ்வழக்கு உடலுக்கு நேர்ந்த தீங்கைப் பற்றியது. அதைக்கொண்டு மட்டும் இன்றைய இழப்புகள் அனைத்துக்கும் நட்டஈடு பெற்றுவிடலாம் என நாம் வாதிக்கவில்லை. பணம் மட்டும் இழந்தவருக்கும் அந்தரங்கம் மட்டும் இழந்தவருக்கும் அப்பாதை குறுகியது. ஆகையினாலேதான், நீதிமன்றத்தின் கருணைக்குக் காத்திராது பாராளுமன்றங்கள் சட்டமியற்ற வேண்டும் என்கின்றோம். நத்தைக்கு வழிகாட்டிய நீதி, நச்சு நிரலுக்கு வழிகாட்டக் கூடாதா?

"வாங்கியவன் கவனிக்கட்டும்"

பொறுப்பைத் தட்டிக் கழிப்போரின் முதல் வாதம் இது. 2012 ஜனவரியில் ட்ரெண்ட்நெட் என்ற அமெரிக்கக் கொம்பனியின் ஏறத்தாழ 700 கமராக்களின் நேரடிக் காட்சிகள் இணையத்திலே பகிரங்கமாகத் தொங்கவிடப்பட்டன. தொட்டிலில் உறங்கும் குழந்தைகளையும் முன்பின் அறியாதோர் கண்டனர். கொம்பனி தன் கமராவைப் 'பாதுகாப்பானது' என்றே விளம்பரம் செய்திருந்தது. ஆனால் உரிமையாளரின் கடவுச்சொல்லை மறைகுறியாக்காது, எவரும் வாசிக்கத்தக்க வெற்றெழுத்தாகவே இணையத்தில் அனுப்பியது. கடவுச்சொல் கேட்கும்படி உரிமையாளர் அமைத்திருந்தும், கொம்பனியின் நிரற் பிழையால் அது கேட்கப்படாமலே காட்சி வெளியாயிற்று. அந்நாட்டின் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு 2013 செப்டெம்பரில் அக்கொம்பனியை ஓர் இணக்கக் கட்டளைக்குள் கொண்டுவந்து, 20 ஆண்டுகளுக்கு வெளியார் சோதனையை விதித்தது. இங்கே வாங்கியவர் எதைக் கவனித்திருக்க வேண்டும்? தாய்மார் நிரல் வாசிக்கக் கற்றபின்தான் பிள்ளை பெற வேண்டுமா?

இன்னுமொன்று. 2017 ஆகஸ்டில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், நெஞ்சிலே பொருத்தப்பட்ட ஏறத்தாழ 4,65,000 இதயத் துடிப்புச் சீராக்கிகளுக்கு நிரற் திருத்தம் வேண்டும் என அறிவித்தது. அருகிலிருந்து பிறர் அதற்குக் கட்டளையிடக்கூடிய குறை அதில் இருந்தது. நோயாளர் மருத்துவரிடம் சென்று திருத்தம் பெறவேண்டியதாயிற்று. நெஞ்சைக் கிழித்துப் பார்த்து வாங்கவில்லையே என்று அந்நோயாளரையும் குறை கூறுவார்களோ?

மறைத்து வைப்பது காவலாகுமா?

"எங்கள் பூட்டின் அமைப்பே இரகசியம்; ஆகவே அது பத்திரமானது" என்பது இரண்டாம் வாதம். இதன் பொய்ம்மை 140 ஆண்டுகளுக்கு முன்னரே வெளிச்சமாயிற்று. 1883இல் ஒல்லாந்து தேசத்தவரான கெர்க்கோஃப்ஸ் என்ற மொழியறிஞர், மறைகுறி முறை பகைவன் கையில் அகப்பட்டாலும் தீங்கு நேராதபடி அமைய வேண்டும், இரகசியம் திறப்பில் மட்டுமே இருக்க வேண்டும் என்று பிரெஞ்சு இராணுவ ஏடொன்றில் எழுதினார். நவீன மறைகுறியியலின் அத்திவாரமே இதுதான்.

இவ்வத்திவாரத்தைப் புறக்கணித்தோர் கண்ட பலன் யாது? இலண்டன் பயண அட்டைகளிலும் ஒல்லாந்தின் பயண அட்டைகளிலும் பயன்பட்ட 'மைஃபெயார் கிளாசிக்' என்னும் சில்லின் மறைகுறி முறையை அதன் உரிமையாளர் இரகசியமாகவே வைத்திருந்தனர். 2008இல் ஆய்வாளர் அதை வெளிக்கொணர்ந்தனர். 48 பிட் நீளமே கொண்ட திறப்பு, அற்பமான காவல் என்று கண்டனர். கொம்பனி என்ன செய்தது? தன் குறையைத் திருத்த முந்தாது, ஒல்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர் கட்டுரை வெளியிடுவதைத் தடுக்குமாறு நீதிமன்றம் ஏறிற்று! 2008 ஜூலை 18இல் ஆர்னம் நீதிமன்றம் அக்கோரிக்கையை நிராகரித்தது. கருத்து வெளியீட்டு உரிமையை நிலைநாட்டிய அந்நீதிமன்றம், கொம்பனிக்கு வரும் நட்டம் கட்டுரையால் வருவதன்று, குறையுள்ள சில்லைச் செய்து விற்றதால் வருவது என்ற கருத்தையும் தெளிவாக உரைத்தது. அத்தீர்ப்பைச் செதுக்கி ஒவ்வொரு தொழிற்சாலை வாயிலிலும் மாட்டலாம்.

அதற்குப் பின்னரும் பாடம் கற்றார்களா? பொலிசாரும் அவசர சேவையினரும் கையாளும் 'டெட்ரா' வானொலி முறையின் மறைகுறிகள் 1990களிலிருந்து இரகசியமாகவே காக்கப்பட்டன. 2023இல் ஒல்லாந்து ஆய்வாளர் அவற்றைப் பிரித்தெடுத்தபோது, அவற்றுள் ஒன்று 80 பிட் திறப்பு எனப் பெயர் பண்ணிக்கொண்டு உள்ளே 32 பிட்டாகச் சுருங்குவது அம்பலமாயிற்று. சாதாரணக் கணினியே அதைத் திறக்கப் போதும். முழுப் பூசணிக்காயைச் சோற்றிலே மறைத்தவர்கள் இவர்கள்.

மாறாக, பகிரங்கமாகச் சோதிக்கப்பட்டவற்றைப் பாருங்கள். 1997இல் அமெரிக்க நியமப் பணியகம் உலகுக்கே அறைகூவல் விடுத்தது; பதினைந்து முறைகள் களத்திலே இறங்கின; எல்லோரும் எல்லாவற்றையும் தாக்கிப் பார்த்தனர்; பெல்ஜிய நாட்டவர் இருவரின் முறை வென்று 2001இல் நியமமாயிற்று. இன்றும் உலகின் வங்கிகள் அதையே நம்பி நிற்கின்றன. 2022இல், குவாண்டம் காலத்துக்கென நடந்த இத்தகைய போட்டியில் நான்காம் சுற்றுவரை வந்த 'சைக்' என்ற முறையை, லூவன் பல்கலைக்கழகத்தார் இருவர் சாதாரணக் கணினியில் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் உடைத்தெறிந்தனர். இது தோல்வியா? அன்று, வெற்றி! உலகம் அதை நம்பி உடைமைகளை ஒப்படைக்கும் முன்னரே குறை வெளிப்பட்டதன்றோ?

அரசாங்கத்துக்கு ஒரு கள்ளத்திறப்பு

கொம்பனிகளின் வாதம் இவ்வாறிருக்க, அரசாங்கங்கள் சில வேறொரு பாட்டைப் பாடுகின்றன. "பூட்டு பலமாக இருக்கட்டும், ஆனால் எமக்கு மட்டும் ஒரு கள்ளத்திறப்பு வேண்டும்" என்பது அவர்கள் கோரிக்கை. குற்றவாளிகளைப் பிடிக்க வேண்டும் என்பதில் நமக்கு மாறுபாடில்லை. ஆனால் நல்லவர் கைக்கு மட்டும் அடங்கும் திறப்பைக் கணிதம் இதுவரை வார்த்துத் தரவில்லை.

கிரேக்க நாட்டில் 2004 முதல் 2005 வரை பிரதம மந்திரி உட்பட நூறு பேருக்கு மேற்பட்டோரின் தொலைபேசிகள் களவாக ஒட்டுக்கேட்கப்பட்டன. எந்த வழியால்? சட்டப்படி ஒட்டுக்கேட்பதற்கென இணைப்பகத்தின் நிரலில் வைக்கப்பட்டிருந்த வசதியைக் கள்வர் தமதாக்கிக்கொண்டனர். அமெரிக்காவில் 1994ஆம் ஆண்டுச் சட்டம் தொலைபேசிக் கொம்பனிகளை இத்தகைய வசதி வைக்குமாறு கட்டாயப்படுத்தியது. 2024இல் சீனத்தோடு தொடர்புடையோர் எனக் கூறப்படும் ஊடுருவற்காரர் அந்நாட்டுக் கொம்பனிகளுக்குள் புகுந்து, அந்த ஒட்டுக்கேட்பு ஏற்பாடுகளையும் தொட்டனர். அதன் பின்னர் அந்நாட்டு அதிகாரிகளே, முனைக்கு முனை மறைகுறியாக்கப்பட்ட செய்திச் சேவைகளைப் பயன்படுத்துமாறு அறிவுரை கூறவேண்டிய நிலை வந்தது. வேலியிலே வைத்த கடப்பு, ஆடு மாடு எல்லாவற்றுக்கும் கடப்பே என்பதை இனியேனும் உணர்வார்களா?

வரவிருக்கும் வெள்ளம்

இன்றைய கேடு இவ்வளவு. நாளைய கேடு இன்னும் பெரிது. இணையத்தில் முன்பின் அறியாத இருவர் இரகசியம் பேச உதவும் பொதுத்திறப்பு முறைகள் 1970களில் பிறந்தவை. மிகப் பெரிய எண்ணொன்றைக் காரணிகளாகப் பிரித்தல் போன்ற கடினங்களையே அவை நம்பியிருக்கின்றன. போதிய வலிமையுள்ள குவாண்டம் கணினி வந்தால் அக்கடினம் கரைந்துவிடும் என்பதை 1994இலேயே பீட்டர் ஷோர் நிறுவிவிட்டார். அத்தகைய கணினி இன்னும் வரவில்லை. ஆனால் இன்று இணையத்தில் ஓடும் மறைகுறிச் செய்தியை அள்ளிச் சேமித்து வைத்து, திறக்கும் கருவி வந்த பின்னர் திறந்து பார்க்கக் காத்திருப்பதை யார் தடுப்பார்? இருபதாண்டு காலம் இரகசியமாக இருக்க வேண்டிய மருத்துவக் குறிப்புக்கு ஆபத்து நாளைக்கன்று, இன்றைக்கே.

இதற்கு மருந்து இல்லாமலில்லை. அமெரிக்க நியமப் பணியகம் 2024 ஆகஸ்ட் 13இல் புதிய நியமங்கள் மூன்றை வெளியிட்டது. பிரித்தானியாவின் தேசிய இணையப் பாதுகாப்பு நிலையம், முக்கிய மாற்றங்களை 2031க்குள்ளும் முழு மாற்றத்தை 2035க்குள்ளும் முடிக்குமாறு 2025இல் காலவரை வகுத்தது. ஆனால் மருந்து இருந்தென்ன, பருகும் வாய் தைக்கப்பட்டிருந்தால்? இன்று சுவரில் பொருத்தும் மின்மானி பத்து பதினைந்து ஆண்டுகள் அங்கேயே இருக்கும். தன் மறைகுறி முறையை மாற்றிக்கொள்ளவும், உண்மையான உற்பத்தியாளரிடமிருந்து வந்த திருத்தமா என்று சரிபார்த்து ஏற்கவும் வகையற்ற கருவி, பிறக்கும்போதே ஆயுள் குறிக்கப்பட்ட கருவி.

சட்டம் செய்ய முடியாதா?

"கட்டுப்பாடு வந்தால் விலை ஏறும்; சிறு கருவிகள் பெரிய மறைகுறிகளைத் தாங்கா" என்பது இறுதி வாதம். ஒவ்வொரு கருவிக்கும் வெவ்வேறு கடவுச்சொல்லை அச்சிட்டு ஒட்ட எத்தனை சதம் செலவாகும்? சிறு கருவிகளுக்கென்றே 'அஸ்கொன்' என்ற இலேசான மறைகுறி முறை 2023இல் தெரிவாகி 2025இல் நியமமுமாயிற்று. ஆகவே அச்சாட்டும் செல்லாது.

சட்டம் இயலாதென்போர் பிரித்தானியாவைப் பார்க்கட்டும். 2022இல் இயற்றப்பட்டு 2024 ஏப்ரல் 29இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, பொதுக் கடவுச்சொல்லுடன் கருவி விற்பது அங்கே தடை. குறைகளை அறிவிக்க ஒரு தொடர்பிடம் வேண்டும். எவ்வளவு காலத்துக்குத் திருத்தம் வழங்கப்படும் என்பதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். மீறினால் ஒரு கோடிப் பவுண் அல்லது உலக வருமானத்தில் 4 சதவீதம், இவற்றுள் எது கூடியதோ அதுவரை தண்டம். இச்சட்டமும் முழுமையானதன்று. காலத்தைச் சொல்லச் சொல்கின்றதே ஒழிய, இத்தனை ஆண்டு என வரையறுக்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் இயற்றிய சட்டம் இன்னும் ஒரு படி மேலே சென்று, பொதுவாகக் குறைந்தது ஐந்தாண்டுத் திருத்தத்தைக் கட்டாயமாக்குகின்றது. அதன் பிரதான கடமைகள் 2027 டிசம்பர் 11 முதல் பிணிக்கும்.

இதில் நமக்கென்ன என்று வாளாவிருப்போருக்கு ஒரு சொல். பிரித்தானியச் சட்டம் அங்கே விற்பதைத்தான் தடுக்கின்றது. அங்கே விலைப்படாததை வேறு நாட்டில் கொண்டுபோய்க் கொட்டுவதைத் தடுக்கவில்லை. அக்குப்பை எந்தக் கரையில் ஒதுங்கும்? சட்டம் இல்லாத கரையில்!

நாம் கேட்பது

இலங்கையின் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் அத்துமீறி நுழைபவனைத் தண்டிக்கின்றது. நன்று. 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம், விற்பவனின் திறமையை நம்பி வாங்கிய பொருள் அதன் நோக்கத்துக்குத் தக்கதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை உட்கிடையாக வைத்துள்ளது. அதுவும் நன்று. எனினும், கமரா ஒன்று கள்வனுக்குக் கண்ணாகியபோது, ஏழை வாங்குபவன் நூற்றாண்டு கடந்த கட்டளைச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு தனியொருவனாக நீதிமன்றப் படியேற வேண்டும் என்பது நீதியாகாது.

தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு கருவிகளுக்கு வகை அங்கீகாரம் வழங்கும் முறை ஏற்கெனவே இங்கு உண்டு. அம்முறையோடு ஐந்து நிபந்தனைகளைச் சேர்க்குமாறு நாம் கோருகின்றோம். பொதுக் கடவுச்சொல் கொண்ட எக்கருவியும் இறக்குமதியாகக் கூடாது. திருத்தம் வழங்கப்படும் காலம் ஐந்தாண்டுக்குக் குறையாது, பெட்டியின் மேல் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் அச்சிடப்பட வேண்டும். பகிரங்கமாகச் சோதிக்கப்பட்ட மறைகுறி முறைகளே ஏற்கப்பட வேண்டும். அவை மாற்றத்தக்கனவாகவும் இருக்க வேண்டும். குறையை நல்லெண்ணத்தோடு கண்டு அறிவிப்பவருக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும். எந்தப் பெயராலும் எவருக்காகவும் கள்ளத்திறப்பு வைக்கலாகாது.

இவை ஆகாயத்தில் கோட்டை கட்டும் கோரிக்கைகள் அல்ல. பிற நாடுகள் சட்டமாக்கியவையும் ஆக்கிக்கொண்டிருப்பவையும் இவற்றுட் பல. எஞ்சியவை பொதுப் புத்திக்கு எட்டாதவை அல்ல. அதுவரை, கருவி வாங்கச் செல்லும் ஒவ்வொருவரும் கடைக்காரரிடம் இரண்டு கேள்விகளைக் கேட்கட்டும்: "இதன் கடவுச்சொல் இதற்கு மட்டும் உரியதா? இதற்குத் திருத்தம் எந்த ஆண்டு வரை வரும்?" விடை இல்லையெனில் பணத்தை மடியிலே வைத்துக்கொண்டு திரும்பட்டும். கேளாதவனுக்குக் கொடுப்பார் இல்லை. கேட்போர் பெருகினால், விற்போரும் சட்டம் செய்வோரும் விடை சொல்லியே தீரவேண்டும்.